குழு எதைத் தாங்கும், எதைத் தாங்காது?

மகளிர் சுய உதவிக் குழுக்கள் எந்த நெருக்கடியையும் சமாளித்துவிடும் என்று மேடைதோறும் பாராட்டுகிறார்கள். எப்படிப்பட்ட நெருக்கடி என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் வேர்விட்ட இந்த ஏற்பாடு, ஒரு வீட்டுக் கஷ்டத்துக்கு அளவெடுத்துத் தைத்தது. பதினைந்து பேர் மாதம் நூறு ரூபாய் கட்டினால் மூன்று ஆண்டில் 54,000 ரூபாய் சேரும். மாமியாருக்கு நெஞ்சுவலி என்று ஒருத்தி வந்து நின்றால், குழுவை நடத்தும் ஊக்குநர் தீர்மான நோட்டை விரிப்பார். நாலு பேர் என்ன ஏது என்று விசாரிப்பார்கள். கையெழுத்தாகிக் கடன் கிடைத்துவிடும். ரெண்டு வட்டிதான், அதுவும் குழுவுக்கே திரும்பும். அஞ்சு வட்டிக்காரர் வாசலில் நிற்க வேண்டாம். இதில் எந்த வங்கியும் குழுவுக்கு ஈடாகாது.

ஆனால் ஒருத்தி வாங்கும்போது மற்ற பதினான்கு பேரும் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயல் அந்தக் கணக்கையே முறித்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்தது. தோப்பு இல்லாதவளுக்குக் கீற்று முடையும் கூலி போயிற்று. புதுக் கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டாகும். பதினைந்து பேரும் கேட்கிற இடத்தில் கொடுப்பது யார்?

போதாக்குறைக்கு நுண்கடன் நிறுவனங்களின் வசூல் ஆட்கள் வந்தார்கள். அந்த நிறுவனங்கள் அமைத்ததும் 'குழு'தான், ஆனால் அதில் சேமிப்பு கிடையாது, கடன் மட்டுமே. ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் உட்கார வேண்டும். ஆறுதல் சொல்ல வேண்டிய அக்கம்பக்கத்தையே வசூலுக்கு அனுப்பும் முறை இது. 2020 ஊரடங்கில் ரிசர்வ் வங்கி ஆறு மாதத் தவணைக்கு அவகாசம் தந்தது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. 24 சதவீத வட்டியில் 30,000 ரூபாய்க் கடன் என்றால் அந்த ஆறு மாதத்துக்கு 3,600 ரூபாய். கூலியே இல்லாத வீட்டுக்கு இதற்குப் பெயர் சலுகையா?

கஜாவுக்குச் சில மாதம் முன்பு வெள்ளத்தில் மூழ்கிய கேரளம் வேறு வழியில் போனது. அங்குள்ள மகளிர் குழுக்களான குடும்பஸ்ரீ வழியாக ஒரு லட்சம் ரூபாய் வரை வங்கிக் கடன்; வட்டியை அரசே ஏற்றது. ஆளை அடையாளம் காட்டியது குழு, சுமையைச் சுமந்தது அரசு. இதுதான் சரியான பங்கீடு.

தனி வீட்டுத் துன்பத்துக்குக் குழுவை மிஞ்சியது இல்லை. ஊரையே சாய்க்கும் பேரிடரில் அதனிடம் தாங்கும் பணம் இல்லை. அங்கே வெறும் பாராட்டு, அரசு தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் சாக்கு. பேரிடர் அறிவிக்கப்படும் நாளிலேயே தவணையோடு வட்டியும் நிற்க ரிசர்வ் வங்கியும் அரசும் விதி செய்ய வேண்டும்.