அருவியும் ‘ரிவர்’ என்னும் சொல்லும்

அனுராதபுரத்தினூடாக வந்து மன்னாருக்குத் தெற்கே கடலிற் கலக்கும் மல்வத்து ஓயாவைத் தமிழர் அருவியாறு என வழங்குவர். அதற்குத் தெற்கே, புத்தளக் கரையிலுள்ள கரைத்தீவிலும் அப்பெயர் அறியப்பட்டதே. ‘அருவி’ என்பதன் திரிபே ஆங்கில ‘ரிவர்’ எனக் கூறுவார் உளர். யானும் பல்லாண்டு வகுப்பறையில் அவ்வாறே கூறிவந்தேன். அக்கூற்று ஆராய்ச்சியின்முன் நில்லாது.

ஆங்கிலம் இச்சொல்லை 1300ஆம் ஆண்டளவிற் பழைய பிரெஞ்சு மொழியினின்றும் பெற்றது. ஆண்டு அதன் வடிவம் ‘ரிவியேர்’. அதற்கு மூலம், கரை எனப் பொருள்படும் ‘ரீப்பா’ என்னும் இலத்தீன் சொல். உயிர்களுக்கிடையே நின்ற இலத்தீன் பகரம் பிரெஞ்சில் வகரமாதல் வழக்கு. சவர்க்காரத்தைக் குறித்த ‘சாப்போனெம்’ என்பது ‘சவோன்’ ஆயினமை காண்க. அருவிக்கு இத்தகைய படிமுறை எதுவும் காட்டற்கில்லை.

ஒலியொப்புமை எத்துணை ஏமாற்றும் என்பதற்கு ஆங்கிலத்திலேயே சான்றுண்டு. போட்டியாளனைக் குறிக்கும் ‘ரைவல்’ என்பது ‘ரிவர்’ என்பதன் உடன்பிறப்புப் போலத் தோன்றும். ஆயினும் அது ஓடையைக் குறிக்கும் ‘ரீவுஸ்’ வழிவந்தது. ஓரோடை நீரைப் பங்கிட்டோர் போட்டியாளராயினர். வந்துசேர்தலைக் குறிக்கும் ‘அரைவ்’ என்பதோ, கரைசேர்தல் என்னும் பொருளில் ‘ரீப்பா’விற் பிறந்தது. அதுவே ‘ரிவர்’ என்பதன் மெய்யான உறவு.

‘ரிவர்’ கரையாற் பெற்ற பெயர். நம் ‘ஆறு’ என்னுஞ் சொல்லோ நதியோடு வழியையும் குறிக்கும். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகளாதல் நாமறிந்ததே. இவ்வளம் இருக்க, பிறமொழிச் சொல்லொன்றை வலிந்து உரிமைகொள்ளல் தமிழுக்குப் பெருமையன்று. மாணவர்க்கு முன்னர்க் கூறியதை இன்று திருத்திக்கொள்கிறேன்.