சீனக் காடும் இந்தியக் காடும்: ரெண்டு கோடு, ரெண்டு அளவுகோல்

இந்தியா, சீனா இரண்டின் காட்டுப் பரப்பையும் 1990 முதல் 2020 வரை ஒப்பிடும் வரைபடத்தை இணையத்தில் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு தொகுத்த தரவு அது. சீனா 15.7 கோடி ஹெக்டேரிலிருந்து 22 கோடிக்கு ஏறுகிறது. இந்தியா 6.4 கோடியிலிருந்து 7.2 கோடிக்கு. மொத்த நிலத்தில் எத்தனை சதவீதம் என்று பார்த்தால், 2020ல் சீனா 23, இந்தியா 24. கிட்டத்தட்ட சமம். 'பரவாயில்லையே, நாமும் குறையலை'ன்னு தோணும்.

எண்கள் பொய்யில்லை. ஆனா அந்த ரெண்டு கோடும் ஒரே பொருளை அளக்கலை.

இந்த அட்டவணைக்கான எண்களை அந்தந்த நாடுதான் அனுப்புகிறது. இந்திய வன அளவைத் துறையின் கணக்குப்படி, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பத்து சதவீதத்தை மரத்தலைகள் மூடியிருந்தால் அது காட்டுப் போர்வை. யாருடைய நிலம், என்ன மரம் என்பதெல்லாம் கணக்கில்லை. தென்னந்தோப்பும் மாந்தோப்பும் உள்ளே வந்துவிடும். நம்மூரில் தோப்பை யாரும் காடுன்னு சொல்ல மாட்டாங்க. செயற்கைக்கோளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அளக்கும் முறையும் நடுவில் மாறியது. 1999 அறிக்கையில் 6,37,293 சதுர கி.மீ. 2001 அறிக்கையில் 6,75,538. ரெண்டே வருஷத்தில் கிட்டத்தட்ட ஒரு கேரளா அளவுக்குக் காடு முளைச்சிடுமா? 2001ல் நாடு முழுவதையும் நுணுக்கமான அளவில், கணினி மூலம் அளந்தார்கள். அதுவரை கண்ணில் படாத சின்னச் சின்ன மரத்திட்டுகள் கணக்கில் ஏறின. பெரும்பகுதி உயர்வு அதனால்தான்.

சீனாவும் விதிவிலக்கில்லை. மரத்தலைகள் 30 சதவீதம் மூடினால்தான் காடு என்றிருந்த விதியை 1994ல் 20 ஆக்கினார்கள். அதற்காக அங்கே நடந்ததெல்லாம் கணக்கு வித்தைன்னு சொல்ல முடியாது. 1978லிருந்து வடக்கே பாலைவனத்தைத் தடுக்க மரம் நடுகிறார்கள். 1998 யாங்சி வெள்ளத்துக்குப் பிறகு இயற்கைக் காடுகளில் மரம் வெட்டத் தடை வந்தது. சரிவான வயல்களைக் காடாக்க விவசாயிகளுக்கு மானியம் கொடுத்தார்கள். ஆனா அந்த 22 கோடியில் 8 கோடிக்கு மேல் நட்டு வளர்த்த மரங்கள். உள்ளே வெட்டுவதைக் குறைத்த சீனா, வெளியிலிருந்து ஏராளமாக மரம் வாங்குகிறது. அந்தச் செலவு இந்த வரைபடத்தில் வேறு நாட்டுக் கோட்டில்தான் தெரியும்.

நேச்சர் சஸ்டெயினபிலிட்டி இதழில் 2019ல் வந்த ஆய்வு ஒன்று, 2000 முதல் 2017 வரை பூமி எங்கே பசுமையானது என்று பார்த்தது. சீனாவின் பசுமை உயர்வில் 42 சதவீதம் காடுகளால் வந்தது. இந்தியாவில் காட்டின் பங்கு 4.4 சதவீதம். 82 சதவீதம் பயிர் நிலம். மேலிருந்து பார்த்தால் ரெண்டும் பச்சைதான்.

இது வெறும் புள்ளிவிவரச் சண்டை இல்லை. கிரேட் நிக்கோபாரில் சுமார் 130 சதுர கி.மீ. காட்டை வளர்ச்சித் திட்டத்துக்குக் கொடுக்க அனுமதியாகி, ஈடாக மரம் நட ஹரியானாவைக் காட்டினார்கள். மழைக்காடும் வறண்ட சமவெளி நடவும் ஒண்ணுக்கொண்ணு ஈடாகுமா? பரப்பை மட்டும் பார்க்கும் வரைபடத்தில் ஆகும். கோடு இம்மியும் இறங்காது.

அதனால் ரெண்டு நாட்டையும் ஒப்பிடுபவர்கள் இயற்கைக் காட்டையும் நட்ட காட்டையும் தனித்தனிக் கோடாகப் போடட்டும். இந்தியாவின் 2021 அறிக்கையிலேயே மிக அடர்ந்த காடு 99,779 சதுர கி.மீ.தான், மொத்தக் காட்டுப் போர்வையில் ஏழில் ஒரு பங்கு. அது வளருதா தேயுதா என்பதைத்தான் முதலில் கேட்கணும்.