அஞ்சலட்டையில் இல்லாத பெண்கள்

தன்னார்வ ஆசிரியர்களாக வெளிநாடு சென்றவர்களின் அனுபவ நூல்கள் ஆங்கிலத்தில் தனி வகையாகவே வளர்ந்திருக்கின்றன. ஏழை நாடொன்றில் ஓராண்டோ ஈராண்டோ ஆங்கிலம் கற்பிப்பது, உள்ளூர்க் குடும்பத்தோடு தங்குவது, ஊர் திரும்பி எழுதுவது என்பதே அவற்றின் பொதுவான கதை. தங்க இடம் கொடுத்த வீட்டின் பெண், நான் படித்த பலவற்றில் தொடக்க அத்தியாயங்களில் வருகிறாள். சிரிக்கிறாள், தட்டை நிரப்புகிறாள். பிறகு காணாமல் போகிறாள். அவள் ஏன் மறைகிறாள் என்பதே என் கேள்வி. அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் முதல் பிரதி நூல் அல்ல, ஓர் அஞ்சலட்டை.

1961 மார்ச்சில் அமெரிக்க அதிபர் கென்னடி ‘பீஸ் கோர்’ தன்னார்வலர் அமைப்பைத் தொடங்கினார். அதே ஆண்டு நைஜீரியப் பள்ளிகளில் கற்பிக்க வந்த முதல் குழு, இபடான் பல்கலைக்கழகக் கல்லூரியில் தங்கிப் பயிற்சி பெற்றது. நைஜீரியா விடுதலையடைந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அக்டோபரில், குழுவிலிருந்த 23 வயதுப் பெண் தன் நண்பருக்கு ஓர் அட்டை எழுதினார். ஊரின் அழுக்கு தன்னைத் திகைக்க வைத்ததாகவும், மக்கள் தெருவிலேயே வாழ்ந்து, சமைத்து, விற்று, மலம் கழிப்பதாகவும் அதில் இருந்தது. தபாலில் சேரும் முன்பே அட்டை தொலைந்து, மாணவர் ஒருவர் கையில் கிடைத்தது. படியெடுக்கப்பட்டு வளாகமெங்கும் பரவியது. மாணவர்கள் திரண்டு கண்டித்தார்கள். எழுதியவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு நாட்டைவிட்டு வெளியேறினார்.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பெயர் இந்த ஒற்றை அட்டைக்காகவே சொல்லப்பட்டு வருகிறது. ஒரு வல்லரசின் பார்வையில் இருந்த கோளாறு முழுவதும் ஓர் இளம்பெண்ணின் நாக்குத்துடுக்காகச் சுருக்கப்பட்டது. பெண்ணின் தனிக் கடிதத்தைப் பொதுவில் வைத்து விசாரிப்பது நமக்கும் பழக்கமான காரியம்தான். ஆகவே எழுதியவரை விட்டுவிட்டு, எழுத்தை மட்டும் வாசிப்போம்.

அந்த வாக்கியத்தில் சமைப்பதும் விற்பதும் ‘மக்கள்’. இபடான் சந்தைகளில் சமைத்தவர்களும் விற்றவர்களும் பெரும்பாலும் பெண்கள். யொரூபா சமூகத்தில் சந்தை வணிகம் நெடுங்காலமாகப் பெண்களின் கையில் இருந்தது. கணவனின் பணம் வேறு, தன் பணம் வேறு என்று கணக்கு வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். ஊர்ப் பெண்களின் தலைவிக்கு ‘இயலோடே’ என்ற பட்டமே இருந்தது. 1940களின் பிற்பகுதியில், அருகிலுள்ள அபேகுடாவில் சந்தைப் பெண்கள் ஃபன்மிலாயோ ரான்சம் கூட்டி தலைமையில் வரிக்கு எதிராகப் போராடினார்கள். 1949இல் அந்த ஊரின் அரசரே பதவி விலக நேர்ந்தது. அஞ்சலட்டை வறுமை என்று மட்டும் படித்த தெரு, அந்தப் பெண்களுக்கு வேலையிடம்.

அட்டை பொய் சொன்னது என்று நான் சொல்லவில்லை. கழிப்பறை இல்லாத ஊரில் முதலில் வதைபடுவது பெண்ணுடல்தான். ஆனால் அந்த வதையையும் அது பெண்ணுடையதாகப் பார்க்கவில்லை. அன்றைய சர்ச்சையும், நான் படித்த அளவில், நாட்டின் மானத்தைப் பற்றியதாகவே நடந்தது. அடுப்பருகே நின்றவளைப் பற்றி யாரும் பேசவில்லை.

பேசிய ஒருவர் அதே வளாகத்தில் 1957இல் பட்டம் பெற்றவர்: ஃபுளோரா நுவாப்பா. அவருடைய ‘எஃபுரு’ நாவல் 1966இல் வெளிவந்தது. அதன் நாயகி இக்போ ஊரொன்றைச் சேர்ந்த வணிகப் பெண். சந்தைக்குப் போவது, கடனை வசூலிப்பது, வீட்டுக்கு வந்தவர்களை உபசரிப்பது எல்லாம் அதில் பெண்களின் பேச்சாகவே வருகின்றன. அங்கே தெரு ஒரு காட்சிப்பொருள் அல்ல. நுவாப்பா 1970களில் சொந்தப் பதிப்பகமும் தொடங்கினார். தன்னார்வ ஆசிரியரின் நூலைப் படிக்கிறவர்கள் ‘எஃபுரு’வையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி வீட்டுக்குள் வருவோம். பீஸ் கோர் பயிற்சியின் தொடக்க மாதங்களில் தன்னார்வலர்கள் உள்ளூர்க் குடும்பங்களோடு தங்குவது வழக்கம். மொழியும் பழக்கமும் பிடிபட வேண்டும் என்பது நோக்கம். அதாவது ஆங்கிலம் கற்பிக்க வந்தவர், முதலில் மாணவியாக ஒரு சமையலறையில் உட்காருகிறார். உப்பு, தண்ணீர், நெருப்பு, போதும், வேண்டாம் என்று சொல் சொல்லாக அவருக்கு மொழியை ஊட்டுபவள் அந்த வீட்டுப் பெண். தன்னார்வலருக்கு மாதந்தோறும் வாழ்க்கைச் செலவுக்குப் பணம் வருகிறது. பணி முடிந்ததும் ஒரு தொகை கிடைக்கிறது. தன் குறிப்பில் இரண்டாண்டுப் பணி என்று எழுதிக்கொள்ளலாம். வீட்டுப் பெண்ணின் கற்பித்தல் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஒருத்தியின் உழைப்புக்குச் சேவை என்று பெயர். மற்றவளின் உழைப்புக்குப் பண்பாடு என்று பெயர்.

இதில் நாம் ஒதுங்கி நிற்க முடியாது. விருந்தோம்பல் நமக்கு அறம். கோவலனோடு பேசும்போது, விருந்தினரை எதிர்கொள்ளும் வாய்ப்பை இழந்ததையும் தன் துயரங்களில் ஒன்றாகக் கண்ணகி சொல்கிறாள். அறம் இல்லறத்தாருக்கு, அடுப்பு இல்லாளுக்கு என்பதே நடைமுறை. பிற நாட்டுப் பெண்ணின் விருந்தோம்பலைப் படித்து நெகிழும்போது, நம் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவளையும் மறந்துதான் நெகிழ்கிறோம்.

வேறு மாதிரி எழுதவே முடியாதா? முடியும். கிறிஸ் ஹாலோவே ஆங்கில ஆசிரியராகப் போனவரல்ல; 1989 முதல் 1991 வரை மாலி நாட்டுக் கிராமமொன்றில் பீஸ் கோர் தன்னார்வலராக இருந்தவர். அவருக்குத் துணையாக இருந்து ஊரைக் காட்டியவர் மருத்துவச்சி மோனிக். ஹாலோவேயின் ‘மோனிக் அண்ட் த மாங்கோ ரெயின்ஸ்’ நூலின் தலைப்பிலேயே அந்தப் பெயர் இருக்கிறது. மோனிக்கின் சொற்பச் சம்பளம் அவர் கைக்கு வராமல் ஆண்களின் கைக்குப் போவதை நூல் கவனிக்கிறது. எத்தனையோ பிரசவம் பார்த்த மோனிக் 1998இல் பிரசவத்திலேயே இறந்தார். இங்கும் பேனா விருந்தாளியின் கையில்தான் இருக்கிறது. மோனிக் பதில் எழுத முடியாது. ஆனாலும் இது விருந்தளித்தவளின் வேலையைக் கணக்கில் எடுத்த நூல்.

இதை வகுப்பில் பேசியபோது ஒரு மாணவி கேட்டாள்: “அப்போ, பார்த்ததை எழுதக் கூடாதா மேடம்?” எழுதலாம், எழுத வேண்டும். சமைத்தவளுக்குப் பெயர் உண்டா, அவள் எத்தனை மணிக்கு எழுந்தாள், பணம் யார் கைக்குப் போனது, நீங்கள் எழுதியதை அவளால் படிக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டு எழுத வேண்டும் என்றேன். கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இபடானில் அந்த அட்டை பற்றிக்கொண்டதற்குக் காரணம், அது யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்களுக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரிந்திருந்தது.