கவளமும் மறைச்சொல்லும்

புறநானூற்றின் 184-ஆம் பாட்டை மேடைதோறும் கேட்கின்றோம். பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய அறிவுரை அது. ஒரு மாவிற்கும் குறைந்த நிலத்து நெல்லேயாயினும், அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் உணவாகும். நூறு வயல்களேயாயினும், யானை தானே புகுந்து மேய்ந்தால் அதன் வாயிற் சென்றதைவிடக் காலிற் பட்டு அழிந்ததே மிகுதியாகும் என்பது அப்பாட்டின் கருத்து. வரி கூடாது என்பதற்கு இதை மேற்கோளாகக் காட்டுவோர் பலர். அது பிழையான காட்சி. யானையைப் பட்டினி போடுக என்று புலவர் கூறவில்லை. உணவை முறையோடு கொள்க என்றே கூறினார். அவர் கண்டித்தது வரியை அன்று; நெறியறியாமையை.

பழம்பாட்டை இன்றைய வரிப்படிவத்தோடு சேர்த்துப் பேசுவது தகுமோ என்று சிலர் வினவக்கூடும். உவமை எதுவரை பொருந்துகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று அளந்து காட்டுவதே திறனாய்வின் வேலை. அதனை இந்நாட்டு வாழ்வில் வைத்தே அளந்து பார்ப்போம்.

மலாயாவில் வருமான வரி 1948-ஆம் ஆண்டு தொடங்கியது. இப்போதுள்ள சட்டம் 1967-இல் இயற்றப்பட்டது. 1995 முதல் சம்பளக்காரர்களுக்கு மாதந்தோறும் வரிப்பிடித்தம் செய்யும் முறை வந்தது. ‘பி.சி.பி.’ என்று கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நம்மவர் சொல்வது இதைத்தான். ஆண்டு முடிவில் ஒரே மொத்தமாகக் கேட்டுக் குடும்பத்தை மிதிக்காமல், மாதம் ஒரு பிடியாக எடுக்கும் இம்முறை பிசிராந்தையாரின் கவளமே எனலாம். இதுவரை உவமை பொருந்துகிறது.

ஆனால், 2004 முதல் தனியாட்களுக்கும் சுயமதிப்பீட்டு முறை வந்தது. 2006-இல் மின்வழிப் படிவம் வந்தது. அன்று கவளம் இவ்வளவு என்று அளந்தவன் அரசன். இன்று அளப்பவர் குடிமக்கள். வருமானத்தை எழுதுவதும், கழிவுகளைக் கணக்கிடுவதும், எஞ்சிய வரியைச் செலுத்துவதும் அவர்தம் பொறுப்பு. சம்பளம் மட்டும் பெறுவோர் 2025-ஆம் ஆண்டில் மின்வழியே படிவம் அனுப்ப மே 15 வரை காலம் இருந்தது. தொழில் செய்வோர்க்கு சூலை 15. கவளத்தைப் பிடிக்கும் கை மாறிவிட்டது. உவமை இங்கே நின்றுவிடுகிறது.

இனிச் சொற்களைப் பார்ப்போம். பிடித்தது மிகுந்தால் மிகுந்தது திரும்ப வரும். ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் ஆண்டு முழுதும் 1,800 ரிங்கிட் பிடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். கழிவுகள் போகக் கணக்கிட்ட வரி 1,350 ரிங்கிட். மிகுந்த 450 ரிங்கிட் யாருடையது? அவருடையதே. வாழ்க்கைமுறைக் கழிவாக 2,500 ரிங்கிட் வரை காட்டலாம். நூல்களும் இதழ்களும் நாளேடுகளும் அதில் அடங்கும் என்பதைத் தமிழ் வாசகர் மறவாதிருத்தல் நன்று. அதற்குரிய இரசீதுகளை ஏழாண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

இத்தொகையை நம் மக்கள் எப்படிக் குறிப்பிடுகின்றனர்? “ஹசில் காசு கிடைத்ததா?” என்கின்றனர். ‘கிடைத்தல்’ என்ற சொல்லில் எதிர்பாராத பேற்றின் சாயல் இருக்கிறது. புதையல் கிடைக்கும், பரிசு கிடைக்கும். நம் பணம் நமக்குக் கிடைப்பதில்லை, திரும்புகிறது. இதை ‘மீள்தொகை’ என்று வழங்கினால் உண்மை விளங்கும். சொல்லாராய்ச்சிக்காரரின் வீண்வேலை இது என்று எண்ண வேண்டா. பரிசு என்று நினைப்பவர் அதைப் பெற ஏதேனும் செய்ய வேண்டும் என்று நம்புவார். “உங்களுக்கு இவ்வளவு ரிங்கிட் கிடைத்துள்ளது, இங்கே அழுத்துங்கள்” என்று கைப்பேசிக்கு வரும் பொய்ச்செய்தி அந்த நம்பிக்கையைத்தான் வலையாக விரிக்கிறது.

உண்மையில் நடப்பது என்ன? படிவத்தில் நாம் எழுதிய நம் வங்கிக் கணக்கிற்கே வரி வாரியம் தொகையை அனுப்புகிறது. மின்வழியே படிவம் தந்தோர்க்கு 30 வேலைநாட்களுக்குள்ளும், தாளில் தந்தோர்க்கு 90 வேலைநாட்களுக்குள்ளும் அனுப்புவது வாரியம் தானே ஏற்றுக்கொண்ட காலவரை. பழைய வரிப்பாக்கி இருந்தால் அதற்கு ஈடுசெய்த பின் எஞ்சியது வரும். கணக்கு எண் பிழையாக இருந்தால் தாமதமாகும். ஆகவே அதை இருமுறை சரிபார்த்தல் வேண்டும். இவ்வளவே. இதற்கு அட்டை எண்ணும் வேண்டியதில்லை. கைப்பேசிக்கு வரும் ‘டேக்’ எண்ணும் வேண்டியதில்லை. அவற்றைக் கேட்பவன் யானையும் அல்லன், பாகனும் அல்லன். யானைத்தோல் போர்த்து வயலில் இறங்கியவன். இவனுக்குப் பிசிராந்தையார் பாட்டில் இடமில்லை.

மற்றொரு சொல் ‘கடவுச்சொல்’. கடவு என்பது வழி. வழிதிறக்கும் சொல் என்பது பொருள். அழகிய ஆக்கந்தான். ஆயினும் அது பயனைச் சொல்கிறதே ஒழிய, கடமையைச் சொல்லவில்லை. சொல் என்பது பிறரிடம் சொல்வதற்கே உரியது. இதுவோ எவரிடமும் சொல்லத்தகாத சொல். சிலர் எழுதும் ‘மறைச்சொல்’ என்பதே எனக்கு மேலாகத் தோன்றுகிறது. மறைக்க வேண்டும் என்ற கட்டளை பெயரிலேயே இருக்கிறது. பொருளைக் கேட்ட அளவிலேயே ஒரு பாட்டியும் தன் கடமையை உணர்வாள். கலைச்சொல்லுக்கு இதைவிடச் சிறந்த தகுதி வேறென்ன?

இது வெறும் பெயர்ச் சண்டை அன்று. வரி வாரியத்தின் ‘மைடேக்ஸ்’ தளம் மலாயிலும் ஆங்கிலத்திலும் அமைந்துள்ளது; தமிழில் இல்லை. ஆகவே அம்மொழிகளில் தேர்ச்சி குறைந்த முதியவர், கைப்பேசியையும் அடையாள அட்டையையும் மறைச்சொல்லையும் ஒருசேரத் தெரிந்தவர் கையில் கொடுத்துவிட்டு, “நீயே பார்த்துச் செய்துவிடு தம்பி” என்கிறார். தம்பி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ஒரே மறைச்சொல்லை வங்கிக்கும் வரிக்கும் வைத்திருப்பவரின் நிலை என்னாகும்? அருகில் அமர்ந்து உதவலாம். சொல்லைத் தட்டும் விரல் உரியவர் விரலாக இருத்தல் வேண்டும். உரிமம் பெற்ற வரி முகவர்கூடத் தம் கணக்கின் வழியே நுழைந்து பணிசெய்ய வழியிருப்பதால், நம் மறைச்சொல் அவருக்கும் தேவையில்லை.

ஏமாந்துவிட்டால் நாணி மறைத்தல் கூடாது. மறைக்க வேண்டியது சொல்லை, இழப்பை அன்று. உடனே வங்கிக்கும், 2022-இல் ஏற்பட்ட தேசிய மோசடி எதிர்நடவடிக்கை மையத்தின் 997 என்ற எண்ணுக்கும் சொல்ல வேண்டும். காவல் நிலையத்திலும் புகார் செய்ய வேண்டும். பணம் கைமாறிக் கைமாறிப் போகுமுன் தடுப்பதற்கு நேரமே துணை.

திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் பொருள்வழி காணல், சேர்த்தல், காத்தல், பகுத்தல் என்னும் நான்கையும் அரசன்மேல் வைக்கிறது. அந்நான்கனுள் காவலில் ஒரு பங்கு இன்று குடிமக்களிடம் வந்துவிட்டது. அரசுக்கு முறை சொன்ன இலக்கியம் நம்மிடம் நிறைய உண்டு. கவளம் பிடிக்கும் கைக்கு முறை சொல்லும் எளிய உரைநடைதான் இல்லை. புறநானூற்றைப் பாடம் சொல்லும் தமிழாசிரியர், அந்த வகுப்பிலேயே ‘மீள்தொகை’, ‘மறைச்சொல்’ என்ற இரு சொற்களையும் விளக்கி, மாணவரை வீட்டில் தாத்தா பாட்டியிடம் சொல்லச் செய்வாராயின், அப்பாட்டு மேடை மேற்கோளாக நின்றுவிடாமல் வாழ்வுக்கு வந்து சேரும்.