அம்மம்மாவின் மடியில் கட்டுக்காப்பு

கிளிநொச்சியில் ஒரு வழக்கு நாள். தாயும் தகப்பனும் ஆளுக்கொரு வாங்கில். பிள்ளை அம்மம்மாவின் மடியில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

விவாகரத்தில் பிள்ளை யாரிடம் என்பதை எங்கள் சட்டத்தரணிகள் 'கட்டுக்காப்பு' என்பார்கள். அதற்குள் இரண்டு சங்கதி கிடக்கிறது: பிள்ளை எந்த வீட்டில் படுப்பது, பள்ளிக்கூடத்துக்கும் கடவுச்சீட்டுக்கும் யார் கையெழுத்து வைப்பது. இரண்டும் ஒருவருக்கே போகலாம், இருவருக்கும் பொதுவாகலாம். ஒருவரிடம் விட்டு, மற்றவர் வந்து பார்த்துப் போக நாள் குறிப்பதுதான் கூட நடக்கிறது.

இலங்கை, இந்தியா இரு நாட்டிலும் பழைய சட்டம் தகப்பன் பக்கம். இங்கே ஒல்லாந்தர் விட்டுப்போன உரோமன் டச்சுச் சட்டம். பிள்ளையின் நலனே பெரிது என்று நீதிமன்றங்கள் மெல்ல மெல்லத்தான் வந்து சேர்ந்தன. இந்தியாவில் இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டுச் சட்டம், தகப்பன், அவருக்குப் 'பின்' தாய் என்றது. ஐந்து வயது வரை பிள்ளை பெரும்பாலும் தாயோடு. மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கத் தாயின் கையெழுத்துப் போதாது என்றதில் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் வழக்குப் போட்டார். தகப்பன் உயிரோடிருந்தும் பிள்ளையைக் கவனிக்காவிட்டால் அந்தப் 'பின்' பொருந்தும் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஒரு சொல்லுக்கு 43 வருடம்!

அங்கே இந்துக்கள் 1976 முதல் ஒத்துப்பேசிப் பிரியலாம். தீபாவளி லீவுக்குப் பிள்ளை எங்கே என்பதுவரை எழுதிக்கொள்ளலாம். எங்கள் பொதுச் சட்டத்தில் அந்த வழி இல்லை. கள்ள உறவு, கைவிட்டுப் போனது, ஆண்மையின்மை, இதில் ஒன்றை நிரூபிக்கவேண்டும். தாயை நடத்தை கெட்டவள் என்ற வாயே அடுத்த மூச்சில் பிள்ளையின் நலன் பேசுகிறது.

வன்னியிலோ தகப்பன் பிரான்சில், தாய் குவைத்தில், பிள்ளையின் கொப்பியும் உடுப்பும் அம்மம்மா வீட்டில் என்பது புதினமில்லை. 1707இல் ஒல்லாந்தர் எழுதிவைத்த எங்கள் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு இந்த வீடு தெரியும். மனைவியை இழந்தவன் மறுமணம் செய்தால் சிறுபிள்ளைகளைத் தாய்வழியார் ஏற்பார்கள். அவளின் சீதனமும் தேடிய தேட்டத்தில் பாதியும் பிள்ளைகளோடு போகும். விவாகரத்துக்கு எழுதிய விதியல்ல, தெரியும். என்றாலும் வளர்க்கிறவர் கை வெறுங்கையாக இருக்கக்கூடாது என்ற கணக்கு அதில் இருந்தது.

செலவுக்கு என்ன செய்யிறியள் என்று அந்த அம்மம்மாவிடம் கேட்டேன்.

"ஆறு கோழி நிக்குது, தம்பி."