பள்ளியை ஒழித்த பிறகு பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?
இல்லிச், ஹோல்ட் ஆகியோரை முன்வைத்துச் சில குறிப்புகள்

மாற்றுக் கல்வி பற்றிய கூட்டங்களில் ஒரு கேள்வி எப்பவும் டீ குடிக்கிற இடத்தில்தான் கேட்கப்படுகிறது. அரங்குக்குள்ளே மெக்காலே வருவார், இல்லிச் வருவார், ஃப்ரெய்ரே வருவார். பள்ளிக்கும் சிறைக்கும் உள்ள உறவு ஃபூக்கோ வழியாக நிறுவப்படும். வெளியே வந்து டம்ளரைக் கையில் வாங்கியதும் யாராவது ஒரு பெண் கேட்பார்: "அதெல்லாம் சரி தோழர், நான் காலைல எட்டேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பணும். அப்ப பிள்ளையை யார் பாத்துக்கறது?" ஒரு சிரிப்பு, "அது நடைமுறைப் பிரச்சினை" என்று ஒரு பதில், அத்தோடு சரி. நடைமுறைப் பிரச்சினை என்று நம்மாட்கள் ஒதுக்கிவைக்கிற இடத்தில்தான் ஒரு கோட்பாடு தன் மௌனங்களைப் பதுக்கி வைத்திருக்கிறது. அந்த மௌனத்தைக் கொஞ்சம் வாசித்துப் பார்ப்பதே இக்குறிப்புகளின் நோக்கம்.

வாசிக்கிற எனக்கு எந்த நடுநிலையும் கிடையாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2016 ஜூனில் ஐந்து வயதாகியிருந்த என் மகனைப் பள்ளியில் சேர்க்கவில்லை. நானும் என் துணைவரும் கூடிப் பேசி எடுத்த முடிவு அது. இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். இரண்டு வருசம் நடத்தினோம்.

இல்லிச்சின் 'பள்ளி நீக்கிய சமூகம்' 1971இல் வந்தது. பள்ளி என்ற நிறுவனம் நான்கு வேலைகளை ஒரே மூட்டையாகக் கட்டி விற்கிறது என்கிறார் அவர். பிள்ளைகளைக் காவல் காப்பது, சமூகத்தில் யாருக்கு எந்த இடம் என்று பொறுக்கிப் பிரிப்பது, கருத்தியலைப் புகட்டுவது, நாலாவதாகக் கொஞ்சம் கல்வி. அவருடைய நண்பர் எவரெட் ரெய்மரும் இதே நான்கைத்தான் பட்டியலிடுகிறார். இந்த மூட்டையை அவிழ்த்தது பெரிய காரியம். பள்ளிக்கூடம் போவதும் கற்பதும் ஒன்று என்ற நம்பிக்கை அதற்குப் பிறகு பழையபடி நிற்க முடியவில்லை. ஆனால் அவிழ்த்த மூட்டையில் முதல் பொருளை அவர் என்ன செய்தார்? காவல் என்பது அவருக்குக் குற்றச்சாட்டு மட்டுமே. ஆசிரியர் காவலராகவும் ஒழுக்கப் போதகராகவும் மனநல வைத்தியராகவும் மாறிவிடுகிறார் என்பதற்கான சான்று. அந்தக் காவல் வேறு யாருக்காவது விடுவிக்கப்பட்ட நேரமாகவும் இருக்கிறது என்பது பிரதிக்குள் வருவதேயில்லை. பள்ளிக்குப் பதிலாக அவர் முன்வைக்கும் கற்றல் வலைப்பின்னல்களைப் பாருங்கள். கருவிகள் கிடைக்கும் இடம், திறமைகளைப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு, ஒத்த ஆர்வமுள்ளவர்களைச் சேர்த்துவைக்கும் முறை, வழிகாட்டிகளின் பட்டியல். எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஐந்து வயதுப் பையனை அந்த வலைப்பின்னல் வரைக்கும் ரோட்டைக் கடந்து கூட்டிப்போய் உட்காரவைத்துக் காத்திருந்து கூட்டி வருவது யார்? இல்லிச்சின் கற்பவன் தானாக நடந்துபோகிறவன். அவனுக்கு மூக்குச்சளி கிடையாது.

ஜான் ஹோல்ட் வேறு மாதிரி. பிள்ளைகளை உன்னிப்பாகப் பார்த்து எழுதியவர். 'பிள்ளைகள் எப்படித் தோற்கிறார்கள்' (1964) புத்தகத்தை வாசித்த ஆசிரியர் யாரும் மறுநாள் வகுப்பில் கேள்வி கேட்கக் கூசுவார். பள்ளிகளைச் சீர்திருத்த முடியாது என்று முடிவுகட்டிய பிறகு 1977இல் வீட்டிலேயே பிள்ளைகளைக் கற்கவைக்கும் பெற்றோருக்கென்று ஒரு பத்திரிகை தொடங்கினார். 1981இல் 'நீங்களே கற்பியுங்கள்' வந்தது. நாள் முழுக்கச் சொல்லிக்கொடுக்கப் பெற்றோருக்கு நேரம் எங்கே என்ற ஆட்சேபத்துக்கு அவர் சொல்லும் பதில் கெட்டிக்காரத்தனமானது. நோய்வாய்ப்பட்டு வீட்டில் கிடக்கும் பிள்ளைக்குப் பள்ளியே ஆசிரியரை அனுப்புகிறதே, வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? சொற்பம். அது போதுமென்றால் பள்ளியின் மிச்ச மணிகளெல்லாம் எதற்கு? இந்த வாதத்தைத்தான் எங்கள் வட்டத்துத் தோழர் ஒருவர் என்னிடம் சுருக்கிச் சொன்னார்: "ரெண்டு மணி நேரம் போதும் தோழர். ராத்திரி வந்து சொல்லிக்குடுங்க."

உண்மை. ரெண்டு மணி நேரம் போதும். என் மகன் கற்றுக்கொண்டான், அதில் பொய் சொல்லமாட்டேன். பேருந்துப் பலகைகளில் எழுத்துக் கூட்டப் பழகினான். மளிகைச் சிட்டையில் கூட்டல் போட்டான். இரவு ஏழரை மணிக்குக் குக்கர் விசில் எண்ணுவதிலிருந்து தொடங்கி அரிசி அளப்பது வழியாகப் பின்னத்துக்கு வந்தோம். ஒன்பது மணிக்கு அவன் தூங்கி விழுவான், அதற்கு முன்னாலேயே நான் விழுந்திருப்பேன். கற்பிக்கும் நேரம் எங்களுக்கு ஒருபோதும் பிரச்சினையாக இருந்ததில்லை. பார்த்துக்கொள்ளும் நேரம்தான் பிரச்சினை. ஹோல்ட்டின் வாதம் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. பள்ளி தேவைக்கு மேல் எடுத்துக்கொள்ளும் மணிகளை அவர் வீணென்று தள்ளுகிறார். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அந்த வீணான மணிகள்தான் சம்பளம்.

எங்கள் கணக்கு இது. அவருக்கு மதியம் ரெண்டு மணி ஷிஃப்ட். ஒன்றேகாலுக்குக் கிளம்புவார். நான் ரயிலைப் பிடித்து வீடு வந்து சேர ஆறேகால். நடுவிலே ஐந்து மணி நேரம் ஓட்டை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவருக்குக் காலை ஷிஃப்ட் வந்தால் ஓட்டை நாளின் இன்னொரு முனையில் விழும். பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் வந்து பையனைப் பார்த்துக்கொண்டார். மாசம் ஆயிரத்து ஐநூறு கொடுத்தோம். கம்மிதான். அவருக்கு ஏழாம் வகுப்பில் படிக்கிற மகள். இரண்டாவது வருசம் ஒரு புதன்கிழமை ராத்திரி என் மகன் சொன்னான்: "இன்னிக்கு அத்தை வரல. அக்காதான் வந்துச்சு. கழித்தல் கணக்கு சொல்லிக் குடுத்துச்சு." புதன்கிழமை அந்தப் பெண்ணுக்குப் பள்ளி உண்டே? விசாரித்தால், அம்மாவுக்கு முடியாத நாளெல்லாம் அவள்தான் வந்திருக்கிறாள். அந்தப் பருவத்தில் பதினோரு நாள். என் மகனைப் பள்ளியின் வன்முறையிலிருந்து காப்பாற்ற ஒரு பெண்பிள்ளை பதினோரு நாள் பள்ளியை விட்டிருக்கிறாள். "நாங்கதான் சொல்லலம்மா, நீங்க லீவு போடுவீங்கன்னு" என்றார் அந்த அக்கா. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இது என் தனிப்பட்ட குற்றவுணர்ச்சி என்று வாசித்துவிட வேண்டாம். ஓர் உழைப்பு கோட்பாட்டின் கணக்கேட்டில் எழுதப்படாவிட்டால் அது மறைந்துபோகாது. சாதியிலோ வர்க்கத்திலோ வயதிலோ ஒரு படி கீழே இருக்கிற பெண்ணின் தலையில் போய் இறங்கும், அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால் இதைச் சொல்வதற்கான சொல்லையும் இல்லிச்தான் கொடுத்தார். ஹோல்ட்டின் புத்தகம் வந்த அதே 1981இல் இல்லிச்சின் 'நிழல் உழைப்பு' வெளியானது. கூலி உழைப்பு நடப்பதற்காகக் கூலியில்லாமல் செய்யப்படும் வேலைகளுக்கு, குறிப்பாக வீட்டுப் பெண்ணின் வேலைகளுக்கு, அவர் வைத்த பெயர் அது. பரீட்சைக்குப் படிப்பதையும் அந்தப் பட்டியலில் சேர்க்கிறார். ஆனால் பத்து வருசத்துக்கு முன் தான் எழுதிய பள்ளி நீக்கத்தை இந்த வெளிச்சத்தில் திரும்ப வாசிக்கவில்லை. பள்ளியை நீக்கினால் அங்கே கூலிக்கு நடந்த காவல் வேலை நிழல் உழைப்பாக வீட்டுக்குத் திரும்பும் என்பது இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் தெரியும். இவர் பாதிரியாராக இருந்தவர், ஹோல்ட் மணம் செய்துகொள்ளாதவர். வசையாக இதைச் சொல்லவில்லை. எங்கிருந்து பார்க்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன். வேறிடத்திலிருந்து பார்த்தவர்களும் அப்போதே இருந்தார்கள். மரியாரோசா டல்லா கோஸ்டாவும் செல்மா ஜேம்ஸும் 1972இல் வெளியிட்ட சிறுநூல், பிள்ளைகள் வீட்டிலிருந்து பள்ளிக்குப் பிரித்துக் கொண்டுபோகப்பட்டதையும் வீட்டுவேலை கூலியற்ற வேலையாக ஆக்கப்பட்டதையும் ஒரே வரலாறாகப் பார்த்தது. நமது கல்வி விவாதங்களில் இல்லிச் வந்த அளவுக்கு அவர்கள் வரவில்லை. ஏன் என்று கேட்டுக்கொள்ளலாம்.

வீடு பள்ளிக்கு வெளியே இருக்கிறது என்ற கற்பிதமும் இங்கே உடைக்கப்பட வேண்டும். திருச்சபை – குடும்பம் என்ற பழைய ஜோடியின் இடத்தைப் பள்ளி – குடும்பம் என்ற ஜோடி பிடித்துக்கொண்டது என்று 1970லேயே அல்தூசர் எழுதிவிட்டார். ஜோடியில் ஒன்றை விட்டு மற்றதைப் பிடித்துக்கொள்வது எப்படி விடுதலையாகும்? அமெரிக்காவில் என்ன நடந்தது? ஹோல்ட் 1985இல் இறந்தார். அதே எண்பதுகளில் அந்த இயக்கத்துக்குள் பெரும் எண்ணிக்கையில் வந்தவர்கள் கிறித்தவப் பழமைவாதிகள். தாய் வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவர்களுக்கு ஆண்டவன் வகுத்த ஒழுங்கு. அந்த ஓட்டையை அவர்கள் மறைக்கவில்லை, அதைத் தாயை வைத்தே அடைத்தார்கள். ஓட்டை இருப்பதையே நம்ம ஆட்கள் பேசவில்லை. (டோட்டோசானை எடுத்துக்காட்டி வீட்டுக்கல்வி பேசுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றியதும் அம்மா வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. வேறு நல்ல பள்ளியைத் தேடிப்போனார். புத்தகமே ஒரு பள்ளியைப் பற்றியது.)

நமது சூழலில் 'வீடே பள்ளி' என்பதற்கு இன்னொரு வரலாறு உண்டு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி மூன்று மணி நேரம்தான். மிச்ச நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள். 1954இல் ராஜாஜி போனார், காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். இந்த நாட்டில் வீடு என்றால் சாதி என்று ஒரே போராட்டத்தில் புரியவைத்தார்கள். எதிர்த்தவர்கள்கூட அதிகம் பேசாத ஒரு பக்கம் அதில் இருக்கிறது. பள்ளி விட்ட பிள்ளை வீட்டுக்குப் போனால் அங்கே யார் இருந்தார்கள்? நடவுக்கும் களையெடுப்புக்கும் போன தாய் வீட்டில் இல்லை. பையன் அப்பன் தொழிலுக்கு, பெண் வீட்டு வேலைக்கு. அந்த வீட்டு வேலையில் முதல் வேலை, தம்பி தங்கையை இடுப்பில் தூக்குவது. குலக்கல்வி சாதிக்கல்வி என்பது முழு உண்மை. அது பெண்பிள்ளையின் பார்த்துக்கொள்ளும் நேரத்தின் மேல் நின்ற திட்டமும்கூட. 2017இல் என் வீட்டுக்கு வந்து கழித்தல் சொல்லிக்கொடுத்தவள் அந்த வரிசையில் வந்தவள்.

இதனால் பள்ளிக்கு நான் நற்சான்று கொடுக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அம்பேத்கரைத் தனியாகச் சாக்கில் உட்காரவைத்ததும் பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை என்றதும் பள்ளிதான். அங்கே இன்னும் என்னென்ன நடக்கிறது என்று படிக்கிறோம். 2018 ஜூனில் மகனை அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் சேர்த்தபோது எனக்கு வந்தது நிம்மதியா தோல்வியா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில், தேர்வு ஏதும் இல்லாமல் சேர்த்துக்கொண்டார்கள். முதல் வாரத்திலேயே அவன் கைகட்டி வாய்பொத்தப் பழகிவந்தான்.

பிறகு 2020 மார்ச்சில் எல்லாப் பள்ளியும் மூடப்பட்டது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை 2021 நவம்பர் முதல் தேதிதான் திறந்தார்கள். கிட்டத்தட்ட இருபது மாசம் நாடே வீட்டுக்கல்வி நடத்தியது. ஒரே ஒரு செல்போன் இருந்த வீடுகளில் அதைத் தகப்பன் வேலைக்கு எடுத்துப்போன கதை, தாய் வேலையை விட்ட கதை, வேலையை விட முடியாத தாய் பிள்ளையைச் சித்தாள் வேலை நடக்கிற இடத்துக்கே கூட்டிப்போன கதை எல்லாம் கேட்டோம். மாற்றுக் கல்விக்காரர்களில் சிலர் அதைப் பள்ளியின் முடிவு என்று கொண்டாடி எழுதினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விட்டுப்போன கல்வியை ஈடுகட்ட 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுக்க வந்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாசம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அங்கன்வாடிப் பணியாளருக்கு ஒன்றிய அரசு கொடுப்பதற்குப் பெயர் மதிப்பூதியம். 1975இல் அந்தத் திட்டம் தொடங்கியபோதே வைத்த பெயர் அது. பிள்ளையைப் பார்த்துக்கொள்வதை உழைப்பு என்று சொல்ல அரசும் தயங்குகிறது, அரசை எதிர்க்கிற நாமும் தயங்குகிறோம்.

முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948இன் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனங்களுக்கெல்லாம் காப்பகம் வேண்டும் என்று 2017இல் மகப்பேறு உதவிச் சட்டத்தைத் திருத்தினார்கள். ரஷ்யப் புரட்சி முடிந்த கையோடு கொலந்தாய் பொதுச் சமையற்கூடமும் பிள்ளைக் காப்பகமும் கேட்டது கல்விச் சீர்திருத்தமாக அல்ல, பெண்ணின் வேலைக்கான நிபந்தனையாக. நம்ம மாற்றுக் கல்வி அறிக்கைகளில் காப்பகம் ஏன் ஒரு கோரிக்கையாகக்கூட வருவதில்லை? தகப்பனின் ஷிஃப்ட் நேரம் ஏன் வருவதில்லை? வேலை நேரத்தைக் குறைக்கும் போராட்டத்துக்கும் பள்ளி எதிர்ப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லாதது போல எப்படி இருபது பக்கம் எழுத முடிகிறது?

இக்குறிப்புகளை மறுக்கிற தோழர்கள் தாராளமாக எழுதட்டும், விவாதிக்கலாம். எழுதுகிற அந்த ரெண்டு மணி நேரம் வீட்டில் பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதட்டும்.