ராணியின் ஒட்டுப்போர்வை

ஹொனலுலுவில் கப்பல் ஏறுவதற்கு முன் எங்களுக்கு மூன்று நாட்கள் இருந்தன. மூன்றே நாளில் ஒரு தீவின் பண்பாட்டைப் பார்த்து முடித்துவிடலாம் என்பது பயணச்சீட்டோடு வந்த அட்டவணையின் நம்பிக்கை. முதல் நாள் பேர்ல் ஹார்பர், இரண்டாம் நாள் மாலை லூவாவ் விருந்து, மூன்றாம் நாள் ‘உங்கள் விருப்பம்’. முதல் நாளைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு மற்ற இரண்டு நாட்களைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

லூவாவை ஒரு நாடகமாகப் பார்ப்பதுதான் நியாயம். அரங்கம், ஒளி, கதைசொல்லி, நுழைவுக் கட்டணம் எல்லாம் இருக்கிறது. கடலோரப் புல்வெளியில் நீள மேசைகள், கழுத்தில் ஆர்க்கிட் மாலை. மண்ணில் குழி வெட்டி, சூடேறிய கற்களின் மேல் இலை மூடி வேகவைத்த பன்றியை நாலு பேர் தூக்கி வருகிறார்கள். சேப்பங்கிழங்கை இடித்துக் கரைத்த ‘போய்’ என்ற கூழும் உண்டு. என் மகள் ஒரு வாய் வைத்துவிட்டு, “அப்பா, போஸ்டர் ஒட்டுற பசை மாதிரி இருக்கு” என்றாள். மேடையில் இருந்தவர் “அலோஹா” என்று கத்த, நாங்களும் கத்தினோம். சத்தம் பத்தவில்லையாம். மறுபடி கத்தினோம்.

நிகழ்ச்சியின் அமைப்பைக் கவனித்தால் ஒன்று புலப்படும். அன்று கைத்தட்டலை அள்ளியவை இரண்டு. ஒன்று, இடுப்பை மின்னல் வேகத்தில் அசைக்கும் ஆட்டம். மற்றொன்று, கடைசியில் வந்த, இரு முனையிலும் தீ எரியும் கத்தியைச் சுழற்றும் ஆட்டம். முதலாவது தஹித்தியுடையது. இரண்டாவது சமோவாவுடையது. ஹவாய்க்கு உரிய ஹூலா நடுவில் நிதானமாக வந்தது. அந்த நேரத்தில்தான் பாதிப் பேர் எழுந்து மதுக்கடைப் பக்கம் போனார்கள். பசிபிக் கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தீவுகளை ஒரே மேடையில் கொண்டுவருவதில் தவறில்லை. அறிவிப்பாளரும் பெயர்களை ஒழுங்காகவே சொன்னார். ஆனால் வேகம் ஏறிக்கொண்டே போய்த் தீயில் முடியவேண்டும் என்று தீர்மானித்தது சந்தை. அந்த ஏறுவரிசையில் ஹூலா ஓர் இடைவேளையாகத்தான் இருக்க முடியும்.

இந்தக் கணக்கு புதிதல்ல. 1937இல் வைகிகியில் ‘கோடாக் ஹூலா ஷோ’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். இரவில் நடக்கும் ஆட்டத்தை அன்றைய ஃபிலிமில் பிடிக்க முடியாது, பகலில் ஆடினால் பிடிக்கலாம், பிடித்தால் ஃபிலிம் விற்கும். ஆடும் பெண்கள் ஹவாய் என்ற பெயரின் எழுத்துகளை ஆளுக்கொன்றாகத் தூக்கிப் பிடித்து நிற்பார்கள். 2002 வரை அது நடந்தது. ஒரு கலை எந்த நேரத்தில், எந்த வெளிச்சத்தில் நிகழவேண்டும் என்பதைக் கேமரா முடிவு செய்த கதை அது.

அன்று கேமரா என் கையில் இருந்தது. பார்வையாளர்களிலிருந்து சிலரை மேடைக்குக் கூப்பிட்டபோது என் மகளும் போனாள். அலை, மீன், வீடு என்று மூன்று கையசைவுகளை வேகமாகக் காட்டி, தப்பும் தவறுமாகச் செய்தவர்களைச் சிரிப்புக்கு ஆளாக்கினார்கள். நானும் சிரித்துக்கொண்டே படம் எடுத்தேன். அவள் ஆறு வருடமாகப் பரதம் கற்கிறவள். பேருந்தில் திரும்பும்போது கேட்டாள்: “ஏம்ப்பா, கை ஒவ்வொண்ணும் ஒரு சொல்லுன்னு அவரே சொன்னாரே, அப்புறம் ஏன் ஜோக் ஆக்கினாரு? எங்க டீச்சர் பதாகத்துக்கே ஒரு மாசம் எடுத்துக்கிட்டாங்க.” என்னிடம் பதில் இல்லை. ஃபோனை உள்ளே வைத்துவிட்டேன்.

சதிரை ஆபாசம் என்று ஒதுக்கி, பிறகு வேறு பெயரில் வேறு வீட்டுக்குள் கொண்டுவந்த ஊர்க்காரர்களுக்கு ஹூலாவின் கதை புரியும். கிறித்தவத்துக்கு மாறிய காஅஹுமானு அரசி 1830இல் பொது இடத்தில் ஹூலா ஆடுவதைத் தடுத்தார். 1883இல் நடந்த தன் முடிசூட்டு விழாவில் அதை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் கலாகௌவா மன்னர். இடைப்பட்ட காலத்தில் அது வீடுகளுக்குள்ளும் கிராமங்களிலும் உயிரோடு இருந்தது. மந்திரம்போல் ஓதப்படும் பாட்டுக்குச் சுரைக்குடுவைத் தாளத்தோடு ஆடும் பழைய வகை கஹிகோ. உகுலேலேயும் கிடாரும் சேர்ந்தது அவானா. நாங்கள் பார்த்தது இரண்டாவதின் சுருக்கப் பதிப்பு.

விமானத்தில் நான் படித்துக்கொண்டு வந்தது ஹௌனானி கே டிராஸ்க் 1993இல் வெளியிட்ட ‘ஃப்ரம் எ நேட்டிவ் டாட்டர்’. சுற்றுலா, ஹவாய்ப் பண்பாட்டை விபச்சாரத்துக்குத் தள்ளுகிறது என்று அதில் ஒரு கட்டுரையில் எழுதுகிறார். கோபம் நியாயமானது. ஆனால் அந்த உவமையை முழுசாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை. நிகழ்ச்சி முடிந்து பேருந்துக்காக நிற்கையில், ஆடிய பெண்களில் ஒருத்தி செருப்பை மாற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். வாரத்தில் இரண்டு இரவு தன் குருவிடம் கஹிகோ கற்பதாகச் சொன்னாள். “இங்க ஆடுறது வாடகைக்கு. அங்க ஆடுறதை உங்களுக்குக் காட்ட மாட்டோம்” என்றாள் சிரித்தபடி. விற்பதையும் விற்காததையும் பிரித்து வைத்திருக்கும் தெளிவு அவளுக்கு இருந்தது. டிராஸ்கின் உவமையில் அவளுக்கு இடமில்லை. அந்தத் தெளிவுக்கு அவள் கொடுக்கும் விலையை மட்டும் டிராஸ்க் சரியாகவே கணக்கிட்டிருக்கிறார்.

மூன்றாம் நாள் இயோலானி அரண்மனைக்குப் போனோம். காலணிக்கு மேல் துணியுறை மாட்டித்தான் உள்ளே விடுகிறார்கள். 1882இல் கலாகௌவா கட்டியது. வெள்ளை மாளிகைக்கு முன்பே இங்கே மின்விளக்கு எரிந்தது. அவருடைய தங்கை லிலியுஓகலானி அரசியாக இருந்தபோது, 1893 ஜனவரி 17ஆம் தேதி, அமெரிக்க வணிகர்களும் தோட்ட முதலாளிகளும் சேர்ந்து ஆட்சியைக் கவிழ்த்தார்கள். அமெரிக்கக் கடற்படை வீரர்கள் கரையில் இறங்கியிருந்தார்கள். 1895இல் அரசியின் ஆதரவாளர்கள் எழுச்சி ஒன்றை நடத்தித் தோற்றபோது, அவருடைய சிம்மாசன அறையிலேயே அவரை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். பிறகு மாடியில் ஓர் அறையில் சுமார் எட்டு மாதம் அடைத்து வைத்தார்கள்.

அந்த அறைதான் நான் பார்த்த மிகச் சிறந்த காட்சியமைப்பு. அதில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஒரு கண்ணாடிப் பேழைக்குள் சிறையில் அவரும் தோழியரும் தைக்கத் தொடங்கிய ஒட்டுப்போர்வை மட்டும். பட்டுத் துண்டுகள், நடுவில் ஹவாய்க் கொடிகள், நூலால் தைத்த பெயர்களும் தேதிகளும். அவருக்குச் செய்தித்தாள் மறுக்கப்பட்டிருந்தது. ஆனால் தோட்டத்துப் பூக்கள் செய்தித்தாளில் சுற்றி வந்தன. அப்படிப் படித்தார். பாட்டு எழுதினார். உலகத் தோற்றம் பற்றிய ‘குமுலிபோ’வை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் வேலையையும் அங்கே செய்தார்.

அரண்மனை அரசர்களின் கதையைத்தான் சொல்லும் என்பதை மறக்கக் கூடாது. 1848இல் நிலத்தைப் பங்கிட்டபோது குடியானவர்களுக்குக் கிடைத்தது மிகச் சிறிய பங்கு. அந்தப் பங்கீடு நடந்தது ஹவாய் அரசர் காலத்தில்தான், அந்நியர் ஆட்சியில் அல்ல. போர்வையின் முன் நின்றபோது இது எனக்கு நினைவுக்கு வரவில்லை. அறையைவிட்டு வந்த பிறகே வந்தது. நல்ல காட்சிக்கு அந்த வலு உண்டு, அந்த ஆபத்தும் உண்டு.

மகள் பேழையைச் சுற்றி இரண்டு முறை வந்தாள். படம் எடுக்கக் கேட்கவில்லை. “இதை யாரும் நமக்காகத் தைக்கலை, இல்ல?” என்றாள்.

மறுநாள் மாலை கப்பல் கிளம்பியபோது மேல்தளத்தில் ஒருவர் உகுலேலேயில் ‘அலோஹா ஓஎ’ வாசித்தார். “இது அந்த ராணி எழுதினதுதானே?” என்றாள் மகள். ஆமாம் என்றேன். பக்கத்து நாற்காலிக்காரர் தன் மனைவியிடம் எல்விஸ் பாட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் பொய்யில்லை. 1961இல் வந்த ‘ப்ளூ ஹவாய்’ படத்தில் அவர் அதைப் பாடியிருக்கிறார்.